பயனைக் கூட்டுவிப்பவர் யார்?

இசைச் செயலிகளில் ‘ரேடியோ’ என்று ஒரு வசதி உண்டு. ஒரு பாட்டையோ பாடகரையோ தொட்டு அதை இயக்கினால், பின்னால் வரும் பாடல்களைச் செயலியே தேர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கவிடும். கேட்பவர் எடுத்துவைத்த பட்டியல் முடிந்ததும் தானாகத் தொடரும் ஒலிப்பும் இதே வகைதான். பழைய வானொலியில் அடுத்த பாட்டு எது என்பதை நிலையத்தில் இருந்த ஒருவர் தீர்மானித்தார். எல்லார் வீட்டிலும் அந்த ஒரே பாட்டு ஒலித்தது. இங்கே ஒவ்வொரு காதுக்கும் ஒவ்வொரு வரிசை. அதை அமைப்பது அல்காரிதம் எனப்படும் கணக்கீட்டு முறை. பெரிய நிறுவனத்தின் துணையும் திரைப்படத்தின் பெயரும் இல்லாமல், தாமே பாடிப் பதிந்து வெளியிடும் கலைஞர்கள் முன்பின் அறியாத ஒரு காதை அடைய இதுவே பெரிய வழியாக இருக்கிறது. அப்படியானால் இந்த வரிசை எந்த நியாயத்தின்மேல் நிற்கிறது? செய்த செயலுக்கும் அதற்குக் கிடைக்கும் பயனுக்கும் இடையில் இருப்பது என்ன என்று தமிழ்ச் சைவம் நெடுங்காலம் வாதிட்டு வந்திருக்கிறது. அந்த வாதத்தின் வெளிச்சத்தில் பார்த்தால், இசைச் செயலியின் கேள்வி தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் நிற்காது.

தஞ்சை மாவட்டத்துத் திருப்பனந்தாளில் இந்த வாதத்தின் பல இழைகள் ஒன்றுகூடுகின்றன. ஞானசம்பந்தர் பாடிய தாடகையீச்சரம் என்ற சிவன் கோயில் அங்கே இருக்கிறது. குங்குலியக்கலய நாயனாரின் கதை அங்கே நடந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் காசியில் நிறுவிய மடம் பின்னர் அந்த ஊரையே தலைமை இடமாகக் கொண்டது. தருமபுர ஆதீனத்தின் மரபில் வந்த அந்தக் காசித் திருமடம் சைவ சித்தாந்தத்தையும் திருமுறைப் பாடலையும் காத்துவரும் இடங்களுள் ஒன்று.

முதலில் இசைச் செயலிக்கு வருவோம். அதன் கணக்கீட்டு முறையின் அடிப்படைகள் பெரும்பாலும் வெளியில் தெரிந்தவையே. முதலாவது, கேட்பவர்களை ஒப்பிடுதல். ஒரு பாட்டைக் கேட்டவர்களில் பலர் இன்னொரு பாட்டையும் கேட்டிருந்தால், அல்லது இரண்டையும் தம் பட்டியல்களில் சேர்த்திருந்தால், அவை இரண்டும் அண்டைப் பாடல்கள் ஆகின்றன. இரண்டாவது, ஒலியையே அளத்தல்: வேகம், சுருதி, தாளத்தின் அழுத்தம், குரல் மேலோங்குகிறதா கருவி மேலோங்குகிறதா என்பவை. இத்துறையில் பெயர்பெற்ற எக்கோ நெஸ்ட் நிறுவனத்தை ஸ்பாட்டிஃபை 2014இல் வாங்கியது. அமெரிக்காவின் பண்டோரா அதற்கு முன்பே, இசை கற்றவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு பாட்டின் கூறுகளையும் காதால் கேட்டுக் குறிக்கச் செய்தது. மூன்றாவது, பாட்டு ஒலிக்கும்போது கேட்பவர் செய்வதைக் கவனித்தல்: முழுதும் கேட்டாரா, இடையில் தள்ளிவிட்டாரா, சேமித்தாரா, மறுபடி கேட்டாரா. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் அது ஒரு கேட்பாக எண்ணப்படும். பண் என்ற இசைவடிவை மெல்ல நிலைநிறுத்தி, விருத்தமாகப் பதிகத்தின் முதற்சொல்லுக்கு வரும், தேவாரம் பாடும் ஓதுவாருக்கு 30 விநாடி என்பது வாய் திறக்கும் நேரம். அதற்குள் விரல் அடுத்ததைத் தேடிவிட்டால், அந்தப் பாட்டு விரும்பப்படாதது என்ற குறிப்பு பதிவாகிவிடும்.

தனிக் கலைஞரின் இடர்ப்பாடு முதல் வழியிலேயே தொடங்குகிறது. புதிய பாட்டை இன்னும் யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அதற்கு அண்டைப் பாடல்கள் இல்லை. அண்டை இல்லாததால் ரேடியோ அதை எவர் வரிசையிலும் சேர்ப்பதில்லை. சேர்க்காததால் யாரும் கேட்பதில்லை. ஒலியை அளக்கும் வழி இந்த முடிச்சை ஓரளவு தளர்த்துகிறது. ஆனாலும் முன்பே கேட்கப்பட்ட பாட்டுக்குக் கிடைக்கும் உந்துதலுக்கு அது ஈடாவதில்லை.

இந்த உந்துதல் எவ்வளவு குருட்டுத்தனமாக இயங்கக்கூடியது என்பதை 2006இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும், அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இணையத்தில் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டுமே தெரிந்தன. மற்றவர்கள் எட்டுத் தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டார்கள். தம் உலகத்தில் எந்தப் பாட்டு எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் வென்ற பாட்டுக்கும் தோற்ற பாட்டுக்கும் இடையிலான தூரம் கூடியது. அதைவிட முக்கியமானது, வென்ற பாட்டு உலகத்துக்கு உலகம் மாறியது. மிக நல்ல பாட்டு முற்றிலும் கீழே போனது அரிது, மிக மோசமானது மேலே வந்ததும் அரிது. இடையில் இருந்தவற்றின் கதி, முதலில் வந்த சிலர் தற்செயலாக எதைத் தொட்டார்கள் என்பதைப் பொறுத்து அமைந்தது. உலகில் பாடப்படும் பாட்டில் பெரும்பகுதி அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது.

பணத்தின் கணக்கும் இதோடு சேர்கிறது. சந்தாவும் விளம்பரமும் கொண்டுவரும் தொகையில் கலைஞர்கள் பக்கத்துக்குரிய பங்கு ஒரே தொகுப்பாக வைக்கப்பட்டு, மொத்தக் கேட்புகளில் அவரவர் விழுக்காட்டுக்கு ஏற்பப் பிரிக்கப்படுவதே பரவலான முறை. ஒருவர் மாதம் முழுவதும் ஓர் ஓதுவாரை மட்டும் கேட்டாலும் அவருடைய சந்தாவின் பெரும்பகுதி அவர் கேட்டிராத பாடகர்களுக்கே போய்ச் சேரும். சவுண்ட்கிளவுட் 2021இல் கேட்பவரின் தொகையை அவர் கேட்டவர்களுக்கே பிரிக்கும் முறையைத் தனிக் கலைஞர்களுக்காகத் தொடங்கியது. பெரிய செயலிகள் அந்த வழியில் முழுதாகப் போகவில்லை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 கேட்பையாவது எட்டாத பதிவுக்கு ஒலிப்பதிவு உரிமத்தொகை கிடையாது.

அதே நிறுவனம் 2020 நவம்பரில் அறிவித்த ‘டிஸ்கவரி மோட்’ இன்னும் கூர்ந்து பார்க்கவேண்டியது. கலைஞரோ வெளியீட்டாளரோ ஒரு பாட்டைத் தேர்ந்து கொடுத்தால், ரேடியோவிலும் தானியங்கித் தொடர்ச்சியிலும் அது ஒலிக்கும் வாய்ப்பு கூட்டப்படும். முன்பணம் இல்லை, அந்த வழியில் வரும் கேட்புகளின் உரிமத்தொகையில் 30 விழுக்காட்டை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். 2021இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நீதிக்குழுவைச் சேர்ந்த உறுப்பினர்கள் இருவர், எல்லாரும் இதில் இறங்கினால் யாருக்கும் கூடுதல் வாய்ப்பு கிடைக்காமல் எல்லாருடைய வருமானமும் குறைந்துவிடாதா என்று கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். கேள்வி சரியானது. முறைப்பாசனத்தில் கடைமடைக்காரர் தன் முறைத் தண்ணீரைப் பெற விளைச்சலில் ஒரு பங்கை மடைக்காவலருக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்றால், வாய்க்காலில் தண்ணீர் கூடிவிடாது. யார் எழுதிக்கொடுத்தார் என்பதே தண்ணீர் போகும் திசையைத் தீர்மானிக்கும்.

இந்த அமைப்புக்கு ஆதரவாகப் பொதுவாகச் சொல்லப்படும் நியாயம் ஒன்று உண்டு. கணக்கீடு யாரையும் உயர்த்துவதில்லை, தாழ்த்துவதில்லை. கேட்பவர்களின் செயல்களை அப்படியே திருப்பித் தருகிறது. பாட்டு தனக்குரியதைத் தானே பெறுகிறது என்பது அது. இந்தியத் தத்துவத்தில் இதே வடிவத்தில் ஒரு கொள்கை இருந்தது. செய்த வேள்வி கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆற்றலை விட்டுச் செல்கிறது, காலம் வரும்போது அந்த ஆற்றலே பயனைத் தருகிறது, இடையில் பயனைக் கொடுக்க ஓர் இறைவன் தேவையில்லை என்றார்கள் மீமாம்சகர்கள். அந்த ஆற்றலுக்கு அவர்கள் இட்ட பெயர் அபூர்வம்.

சைவ சித்தாந்தம் இதை ஏற்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரம் வினையையும் அதன் பயனையும் எடுத்துப் பேசுகிறது. அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பிற மதங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில், மீமாம்சையின் இரு கிளைகளான பட்டாசாரியன் மதத்தையும் பிரபாகரன் மதத்தையும் தனித்தனியே எடுத்து மறுத்தார். மறுப்பின் சாரம் எளியது. வினை அறிவில்லாத பொருள். அறிவில்லாத பொருள், தன்னைச் செய்தவர் யார் என்று தேடிப்போய்ப் பொருந்தாது. எவ்வளவு, எப்போது என்று அளந்து கொடுக்கவும் அதற்குத் தெரியாது. உயிருக்கோ அறிவு உண்டு, ஆனால் சிற்றறிவு. தன் வினைகள் முழுவதையும் அது அறியாது, அறிந்தாலும் கசப்பானதைத் தானே எடுத்துக்கொள்ளாது. ஆகவே செய்தவரையும் செயலையும் பயனையும் ஒருசேர அறிந்து கூட்டுவிப்பவர் ஒருவர் வேண்டும். அவரையே பதி என்றது சித்தாந்தம்.

இந்த வாதத்தில் கடவுளை ஏற்காதவரும் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு பகுதி இருக்கிறது. அறிவற்ற கணக்கு தானே பங்கிடாது. பங்கீடு என்று ஒன்று நடந்தால் அதன் பின்னால் ஒரு தீர்மானம் உண்டு. இசைச் செயலிக்கு இது எழுத்துக்கு எழுத்து பொருந்தும். 29 விநாடியில் தள்ளப்பட்டது கேட்பு ஆகாது என்றும் 30 விநாடி கேட்கப்பட்டது கேட்பு என்றும் எந்த எண்ணும் தானாகச் சொல்லவில்லை. 999 கேட்புக்கு ஒன்றும் இல்லை என்பதும், 1,000க்குப் பங்கு உண்டு என்பதும் ஒரு கூட்டத்தில் சிலர் உட்கார்ந்து எடுத்த முடிவுகள். ஒருமுறை சேமித்ததற்கு எத்தனை மதிப்பு, தள்ளியதற்கு எத்தனை கழிவு, புதிய பாட்டை எத்தனை பேரிடம் சோதித்துப் பார்ப்பது என்பனவும் அப்படியே. கணக்கீடு தானே செய்கிறது என்ற பேச்சில் மறைந்துபோவது இந்தக் கூட்டுவிப்பவர்தான்.

சித்தாந்தம் இன்னொன்றையும் சொல்கிறது. கூட்டுவிப்பவர் தமக்கென ஒன்றும் வேண்டாதவராக இருக்க வேண்டும். பதிக்கு விருப்பு வெறுப்பு இல்லை. உயிரைப் பிணித்திருக்கும் மலம் என்ற அழுக்கு பக்குவப்பட வேண்டும் என்பதே பயனைக் கொடுப்பதன் நோக்கம். நிறுவனத்துக்கு அந்தத் தகுதி இல்லை, இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. அது லாபத்துக்காக நடத்தப்படுவது. ஆனால் எந்த இடத்தில் விருப்பு வெறுப்பற்றவர் இருக்க வேண்டுமோ, அந்த இடத்தில் பங்கீட்டால் லாபமடையும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதைத் தெளிவாகச் சொல்லலாம். டிஸ்கவரி மோடில் இந்த முரண் வெளிப்படையாகத் தெரிகிறது: பங்கைக் குறைத்துக்கொள்ள இசைந்தவரின் பாட்டு முன்னே தள்ளப்படும்போது, பங்கிடுபவருக்கே மீதி கிடைக்கிறது.

வினைக் கொள்கையை இங்கே தவறாகக் கையாள்வதும் எளிது. கேட்கப்படாத கலைஞர் தம் பாட்டின் தரத்துக்கோ ஊழுக்கோ உரியதைத்தான் பெற்றிருக்கிறார் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். சைவ மரபு தன் அடியார் வரிசையை வைத்தே இதை மறுக்கிறது. பாணர், புலையர், வேடர், குயவர், வண்ணார் என்று அன்றைய உலகம் கீழே வைத்தவர்கள் அந்த அறுபத்து மூவரில் இருக்கிறார்கள். உலகம் கொடுத்த இடமே ஒருவருடைய தகுதியின் அளவு என்று கொண்டிருந்தால் அந்தப் பட்டியல் எழுதப்பட்டிருக்காது.

திருப்பனந்தாள் கதையும் இங்கே சேர்கிறது. தாடகை என்ற பெண் மாலை சாத்த வந்தாள். கை உயர்த்தியபோது ஆடை நெகிழ்ந்தது. ஆடையை முழங்கையால் இறுக்கிக்கொண்டு அவள் தவிக்கையில், கை எட்டும்படி இலிங்கம் தலை சாய்ந்து மாலையை ஏற்றது என்கிறது தலபுராணம். சாய்ந்த திருமேனியை நிமிர்த்தச் சோழ மன்னன் யானைகளைப் பூட்டி இழுத்தான், முடியவில்லை. திருக்கடவூரில் குங்குலியத் தூபமிடும் தொண்டு செய்து, தூபத்துக்காக மனைவியின் தாலியையும் விற்ற கலயர் வந்தார். கயிற்றின் ஒரு முனையைத் தம் கழுத்தில் பூட்டிக்கொண்டு இழுத்தார், இலிங்கம் நிமிர்ந்தது. யானைகளின் பலத்தால் ஆகாதது ஒருவருடைய அன்பால் ஆனது என்பதே இதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் பொருள். கதையின் முன்பாதியும் அதே அளவு கவனத்துக்குரியது. அங்கே கை எட்டாத ஒருத்திக்காக, ஏற்கும் இடமே தாழ்ந்தது. எத்தனை பேர் ஏற்கெனவே மாலை சாத்தினார்கள் என்ற கேள்வி அந்தத் தாழ்தலில் இல்லை.

கேட்கப்படாத பாட்டுக்காக வரிசையில் இடம் ஒதுக்குவது இந்த அர்த்தத்தில் சலுகை ஆகாது. பங்கிடும் இடத்தில் இருப்பவரின் கடமை அது. கணக்கீட்டுத் துறையிலும் இதற்கு வழி தெரியும்: வரிசையில் ஒரு பகுதியை இதுவரை சோதிக்கப்படாத பாடல்களுக்கு விட்டுவைக்கலாம், அண்டையை எண்ணிக்கையால் மட்டும் கணிக்காமல் இசையின் இயல்பாலும் கணிக்கலாம். இரண்டாவதற்குத் தமிழில் பழைய முன்மாதிரி ஒன்று கண்முன் இருக்கிறது. அது தேவாரத்தின் பண்முறை.

திருமுறைகண்ட புராணம் சொல்லும் கணக்குப்படி சம்பந்தர் பாடிய பதிகங்கள் 16,000, அப்பர் பாடியவை 49,000, சுந்தரர் பாடியவை 38,000. தில்லையில் பூட்டியிருந்த அறையில் கிடந்த சுவடிகளைக் கறையான் அரித்தது போக, இன்று மூவருக்குமாக மிஞ்சியவை 800க்குச் சற்றுக் குறைவு. எஞ்சியதை நம்பியாண்டார் நம்பி தொகுத்தபோது சம்பந்தர் பதிகங்கள் பண் அடிப்படையில் அடுக்கப்பட்டன. மூன்றாம் திருமுறையில் பஞ்சமப் பண்ணில் பிரமபுரம், ஒற்றியூர், சாத்தமங்கை, குடமூக்கு, வக்கரை, வெண்டுறை, பனந்தாள், செங்காட்டங்குடி என்று பதிகங்கள் அடுத்தடுத்து வருகின்றன. குடமூக்கு என்பது கும்பகோணம். மகாமகக் கூட்டம் கூடும் ஊர். வெண்டுறையும் சாத்தமங்கையும் அந்தப் பக்கத்தாரைத் தவிர வேறு பலர் அறியாத சிற்றூர்கள். எந்தக் கோயிலுக்கு எவ்வளவு கூட்டம் என்ற எண்ணம் இந்த அடுக்கில் இல்லை. ஒரே பண் என்பதால் பெரிய ஊரும் சிறிய ஊரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பஞ்சமத்தை ஆகிரியில் பாடும் ஓதுவார், குடமூக்கில் தொடங்கி நிறுத்தாமல் போனால் பனந்தாளுக்கு வந்துவிடுவார். பின்னாளில் ஊர் வரிசையில் அமைந்த தலமுறையும் வழக்குக்கு வந்தது. அதிலும் எண்ணிக்கைக்கு இடமில்லை.

பாடியவருக்குக் கொடுத்த ஊதியத்திலும் இதே மனம் தெரிகிறது. தஞ்சைப் பெரியகோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, அதாவது தேவாரம் பாட, இராசராசன் 48 பேரை நியமித்தான். உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஐம்பது பேருக்கும் ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல் என்று கல்வெட்டு சொல்கிறது. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய உறவினர் அந்த இடத்தில் பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தக்க ஒருவரைக் கொண்டுவந்து பாடுவிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. அன்று சந்நிதியில் ஆயிரம் பேர் நின்றார்களா, ஒருவரும் இல்லையா என்பது நெல்லின் அளவை மாற்றவில்லை. கருவி வாசித்த இருவருக்கும் பாடிய 48 பேருக்கும் ஒரே அளவு. அந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. நெல் வந்தது குடிகள் கொடுத்த வரியிலிருந்து. இடம் கிடைத்தது பெரும்பாலும் பிறப்பின் வழியே. அரசன் ஏற்ற பாட்டு அல்லாத வேறு பாட்டைப் பாடியவருக்கு அங்கே ஒன்றுமில்லை. ஆனால் பாடுதல் என்ற செயலுக்கே ஊதியம் உரியது என்ற தெளிவு அதில் இருந்தது.

செயலிக்கு முந்தைய காலத்தைப் பொற்காலமாகவும் காட்டக்கூடாது. 1939இல் தொடங்கிய திருச்சி வானொலிதான் காவிரி டெல்டாவின் இசைக்குப் பெரிய வாசல். அகில இந்திய வானொலியின் குரல் தேர்வில் தேறி, பி, பி-ஹை, ஏ, டாப் என்று ஏதோ ஒரு தரம் பெற்றவர்களே அதில் நுழைந்தார்கள். ஒலிநாடாக் காலத்தில் பதிவு நிறுவனம் வேண்டாம் என்றால் வழி இல்லை. திரையிசைக்கு வெளியே பாடிய எத்தனையோ குரல்கள் பதியப்படாமலே போயின. இன்று ஒரு கிராமத்து ஓதுவார் தன் கைப்பேசியில் பதிந்ததை டொராண்டோவிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருவர் கேட்க முடிகிறது. இது உண்மையான நன்மை, இதைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. வேறுபாடு முறையீட்டில் இருக்கிறது. வானொலித் தேர்வில் தோற்றவருக்குத் தாம் தோற்றது தெரியும்; அடுத்த முறை போகலாம், யாரிடம் கேட்பது என்றும் தெரியும். செயலியின் ரேடியோ வரிசையில் இடம் பெறாதவருக்கு அவருடைய பாட்டு சோதிக்கப்பட்டதா, யாரிடம், எதனால் விடப்பட்டது என்று ஒன்றும் தெரிவதில்லை.

கூட்டுப் படைப்பில் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. இருவர் சேர்ந்து பாடிய பாட்டு, இருவரையும் கேட்கும் கூட்டங்களை இணைக்கிறது. சிறிய கலைஞர் பெரிய கலைஞருடன் ஒரு பாட்டுப் பாடினால் அவருடைய மற்றப் பாடல்களும் புதிய அண்டைக்குள் நுழைய வாய்ப்பு உண்டு. தனிக் கலைஞர்கள் கூட்டுப் பாடலை நாடுவதற்கு இது ஒரு வலுவான காரணம். ஆனால் இந்த இணைப்பு யாருடைய பெயர் எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. முதன்மைக் கலைஞர் என்று பதியப்பட்டவரின் பக்கத்தில் பாட்டு நிற்கும். உடன் பாடியவர் என்று பதியப்பட்டவர் இரண்டாம் இடத்தில் வருவார். பாடல் எழுதியவர், பறை அடித்தவர், வயலின் வாசித்தவர், தவில் வாசித்தவர் ஆகியோரின் பெயர் விவரப் பகுதியின் அடியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அவர்களைத் தொட்டு ஒரு ரேடியோ தொடங்குவது பெரும்பாலும் இயலாது. கச்சேரிப் பதிவுகளில் மிருதங்கக்காரர் எத்தனை பெரியவராக இருந்தாலும் கணக்கு பாடகருடைய பெயரிலேயே சேருவது வழக்கம்.

தமிழில் இது ஊரறியப் பேசப்பட்டது ‘எஞ்ஜாயி எஞ்சாமி’ பாட்டால். சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடி, 2021 மார்ச்சில் மாஜா தளத்தின் வழியே வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் தலைமுறையை அறிவு அதில் கொண்டுவந்திருந்தார். தலைப்பில் தீயின் பெயர் முதலிலும் அறிவின் பெயர் உடன்பாடியவராகவும் இருந்தன. திரைப்படம் எதையும் சாராத பாட்டு கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லாதது கண்டனத்துக்கு உள்ளானது. பின்னர் அவரை வைத்துத் தனி மின்னட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறியபோது, யார் எதைப் படைத்தார்கள் என்பது பற்றி அறிவும் சந்தோஷ் நாராயணனும் தத்தம் விளக்கங்களை வெளியிட்டார்கள். 2024இல் அந்தப் பாட்டால் தமக்கு வருமானம் எதுவும் வந்துசேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் சொன்னார். அவர்களுக்குள் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பது இங்கே வேண்டியதில்லை. ஒன்று மட்டும் தெளிவு: கேட்பின் எண்ணிக்கை எவ்வளவு உயர்ந்தாலும், அது கூடிச் செய்தவர்களுக்குள் பெயரையும் பயனையும் பங்கிட்டுத் தரவில்லை.

திருநீலகண்ட யாழ்ப்பாணரின் கதை இந்தச் சிக்கலின் நடுவிலேயே நிகழ்கிறது. எருக்கத்தம்புலியூரில் பிறந்த பாணர் அவர். சீகாழியில் சம்பந்தரைக் கண்ட நாள் முதல் அவருடன் ஊர் ஊராகச் சென்று பதிகங்களை யாழில் இசைத்தார். தாயார் பிறந்த தருமபுரத்துக்கு வந்தபோது, பதிகங்களின் புகழ் யாழில் இவர் வாசிப்பதால் வந்தது என்று சுற்றத்தார் சொன்னார்கள். பாணர் நடுங்கி, யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரையே கேட்டார். யாழ்முரிப் பதிகம் அப்படிப் பிறந்தது. வாசிக்க முடியாமல் யாழை உடைக்கப் போன பாணரைச் சம்பந்தர் தடுத்து, அதைக் கையில் வாங்கி, இயன்ற அளவு இசைக்கும்படி சொல்லித் திருப்பித் தந்தார்.

இந்தக் கதையைப் பாட்டு பெரிது, கருவி சிறிது என்பதற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். பெரியபுராணத்தில் அதற்குப் பின் நடப்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வாசிப்பு போதாது. சாத்தமங்கையில் அந்தணரான திருநீலநக்கரின் வீட்டில் தங்கியபோது, பாணருக்கும் அவர் மனைவி மதங்கசூளாமணியாருக்கும் இடம் தரும்படி சம்பந்தர் கேட்டார். வீட்டின் நடுவே, வேள்வித் தீயின் அருகில் அவர்களுக்கு இடம் கொடுக்கப்பட்டது. தீ வலஞ்சுழித்து ஓங்கியது என்கிறது புராணம். இறுதியில் நல்லூர்ப் பெருமணத்துச் சோதியில் சம்பந்தரோடு அவர்களும் கலந்தார்கள். உடன் இசைத்தவர் கடைசிவரை உடன் வருகிறார்.

அதைவிடக் கனமான செய்தி தொகுப்பின் வரலாற்றில் இருக்கிறது. சுவடிகள் கிடைத்தபின் சொற்கள் மட்டுமே கையில் இருந்தன. எந்தப் பதிகம் எந்தப் பண் என்று சொல்ல ஆள் இல்லை. யாழ்ப்பாணர் மரபில் எருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த ஒரு பெண்ணைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன என்கிறது திருமுறைகண்ட புராணம். பாடியவருடைய சொல்லைச் சுவடி காத்தது; இசையைக் காத்தது உடன் வாசித்தவருடைய வழி. அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. கூட்டுப் படைப்பில் இரண்டாம் இடத்தில் எழுதப்பட்டவரை விட்டுவிட்டால் எது அழிந்துபோகும் என்பதற்குத் தமிழில் இதைவிடப் பெரிய சான்று தேட வேண்டியதில்லை.

சட்டம் இந்தக் கேள்விகளில் சிலவற்றைத் தொட்டிருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்த பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும், உரிமையை எழுதிக்கொடுத்த பிறகும் உரிமத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை இழப்பதில்லை. நிகழ்த்துநர்களின் உரிமையும் அதில் வலுப்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய டிஜிட்டல் சேவைகள் சட்டம், எதை வைத்துப் பரிந்துரை செய்யப்படுகிறது என்பதன் முக்கிய அளவுகோல்களைப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்று இணையத் தளங்களைப் பணிக்கிறது. கூட்டுவிப்பவர் தம் முகத்தைக் காட்ட வேண்டும் என்ற கோரிக்கையின் தொடக்கம் அது. விடப்பட்ட கலைஞருக்குக் காரணம் சொல்லும் கடமையும், கூடுதல் ஒலிப்புக்குப் பங்கைக் குறைத்து வாங்காத கட்டுப்பாடும் அடுத்துக் கேட்கப்பட வேண்டியவை.

மீதி, பாட்டை வெளியிடுகிறவர்கள் கையில் இருக்கிறது. பாட்டை ஏற்றும்போது நிரப்பும் படிவத்தில் தலைப்பு, கலைஞர், இசையமைத்தவர், எழுதியவர், மொழி, வகை ஆகியவை கேட்கப்படும். தேவாரப் பதிவுகள் பெரும்பாலும் ‘பக்தி’ என்ற ஒரே வகைக்குள் போய், திரைக் குரல்கள் பாடிய பக்திப் பாடல்களோடு எண்ணிக்கையில் போட்டியிட்டு அடியில் தங்கிவிடுகின்றன. மடங்களும் இசைக் கல்லூரிகளும் தம்மிடம் உள்ள பதிவுகளைப் பண், தலம், திருமுறை எண், பாடியவர், உடன் வாசித்தவர் ஆகிய குறிப்புகளோடு ஒழுங்குபடுத்தி வெளியிட்டு, அந்தக் குறிப்புகளைச் செயலிகள் பயன்படுத்த வேண்டும் என்று கேட்கலாம். ஒலியை அளக்கத் தெரிந்த இயந்திரத்துக்குப் பண்ணை அறிவிப்பது இயலாத வேலை இல்லை. அப்படி அமைந்த வரிசையில், கேட்டவர் எத்தனை பேராயினும், வெண்டுறைப் பதிகத்துக்கு அடுத்துப் பனந்தாள் பதிகம் வரும்.